கத்தரிக்கோலும் ஒரு தெருவும்

“சிறுபிள்ளை விளையாட்டு!” என்றார் தோழர் ஒருவர். படிப்பகத்து மேசைமீது நாம் விரித்து வைத்திருந்த படத்தை ஒருமுறை பார்த்தார், மறுமுறை பார்க்கவில்லை. “பழைய ஏடுகளைக் கத்தரிப்பதும், பசை தடவுவதும், அட்டைமேல் ஒட்டுவதும் நம் பள்ளிப் பிள்ளைகள் செய்வதுதானே! அதைச் செய்தவரைக் கலைஞர் என்கிறீர்கள். அவர் கலையை மக்கள் கலை என்கிறீர்கள். போதாக்குறைக்கு, இவர் படங்களிலே ஞானமுழுக்கு, மந்திரக்காரி, மாதா கோயில்! பகுத்தறிவு பேசும் நமக்கு இங்கென்ன வேலை?” என்று கேட்டார்.

கேட்டவர் நல்லவர், கற்றவர், வாதத்திலே வல்லவர். அவருடைய கேள்வியிலே பாதி ஞாயம் இருந்தது. ஆகவே அங்கே விடை கூறாமல், ஏட்டிலே எழுதுகிறோம் என்று சொல்லி வந்தோம்.

அவர் தள்ளி வைத்த படம், ரோமரி பியர்டன் எனும் அமெரிக்கக் கறுப்பின ஓவியர் 1971-ஆம் ஆண்டில் ஆக்கிய ‘தி பிளாக்’ என்பதன் அச்சுப்படி. இரு குறுக்குத் தெருக்களுக்கு இடைப்பட்ட வீட்டு வரிசையை அமெரிக்கர் ‘பிளாக்’ என்பர். நாம் தெரு என்றே சொல்லி வைப்போம். நியூயார்க் மாநகரின் ஹார்லெம் பகுதியில், லெனாக்ஸ் அவென்யூவில், 132-ஆம் தெருவுக்கும் 133-ஆம் தெருவுக்கும் நடுவே உள்ள வீட்டு வரிசை அது. உயரம் 4 அடி, நீளம் 18 அடி, ஆறு பலகைகள். அச்சிட்ட தாள், வண்ணத்தாள், உலோகப் பூச்சுத் தாள், ஒளிநகல் துண்டு ஆகியவற்றை வெட்டி ஒட்டி, இடையிடையே மையும் வண்ணமும் தீட்டி உருவாக்கியது. ஒட்டோவியம் என்று இதனை அழைப்போம். ‘கொலாஜ்’ என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கும் ஒட்டுதல் என்பதே பொருள். ஆகவே பெயர் மாற்றத்தால் பொருள் கெட்டுவிடவில்லை.

பியர்டன் 1911-இல் அமெரிக்காவின் தென்பகுதியில், வட கரோலினா மாநிலத்துச் சார்லட் நகரில் பிறந்தார். கறுப்பர் அமரும் இருக்கை வேறு, வெள்ளையர் அமரும் இருக்கை வேறு என்று சட்டமே வேலி போட்டிருந்த மண் அது. பிள்ளை நடை பழகிய வயதிலேயே பெற்றோர் வடக்கு நோக்கிச் சென்றனர். அவர்கள் மட்டுமா சென்றனர்? 1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்பகுதியை விட்டு வெளியேறினர் என்பது வரலாற்றாசிரியர் கணக்கு. உலகில் பல குடிப்பெயர்ச்சிகளுக்குப் போர் காரணம், பஞ்சம் காரணம். இதற்குப் பஞ்சமும் காரணம். மனிதனை மனிதன் மதிக்க மறுத்த கொடுமையும் காரணம். பியர்டனின் படங்களிலே ஏதேனும் ஒரு மூலையில் புகைவண்டி ஒன்று அடிக்கடி ஓடிக்கொண்டிருக்கும். அழகுக்காக ஓடும் வண்டியன்று அது.

ஹார்லெமில் வளர்ந்தார். அன்னை பெஸ்ஸி பியர்டன், ‘சிகாகோ டிஃபெண்டர்’ எனும் கறுப்பின மக்கள் ஏட்டின் நியூயார்க் ஆசிரியராகப் பணியாற்றியவர். எழுத்தாளரும் இசைவாணரும் வந்து பேசிச் செல்லும் வீடு அது. பிட்ஸ்பர்க்கிலோ பாட்டியின் வீடு வேறு வகை. எஃகாலையில் வெந்து திரும்பும் தொழிலாளர் தங்கும் விடுதி. இரண்டையும் கண்டு வளர்ந்த இளைஞர் 1935-இல் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கல்வித்துறையில் பட்டம் பெற்றார். நம்மைப் போலவே கரும்பலகைமுன் நின்றிருக்க வேண்டியவர்! நகராட்சியின் சமூக நலத்துறையில் அலுவலரானார். 1960-களின் பிற்பகுதி வரை, இடையிடையே நின்றும் தொடர்ந்தும், அந்த வேலையிலேயே இருந்தார். வறியவர் வீட்டுப் படியேறி இறங்குவது பகல் தொழில். ஓவியத்துக்கு மாலையும் விடுமுறையும் மட்டுமே மிஞ்சின. மக்களைப் பற்றிப் படம் எழுதுவோர் பலர், மக்களைப் படத்திலே மட்டும் பார்த்தவர்கள். இவர் அப்படியல்லர் என்பதைத் தோழர் நினைவில் வைக்கட்டும்.

இவரைப் பாராட்டு முன்பு இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1934-இல், இருபத்து மூன்று வயதில், ‘ஆப்பர்ச்சூனிட்டி’ என்ற இதழில் கட்டுரையொன்று எழுதினார். கறுப்பினக் கலைஞர்க்குப் பரிசளித்து ஊக்குவிப்பதாகக் கூறிய அறநிலையம் ஒன்றை அதில் கடிந்தார். இரக்கத்தால் அளவுகோலைத் தாழ்த்திக்கொண்டு, அரைகுறைப் படைப்பையெல்லாம் மாலையிட்டு வரவேற்பது உதவியாகாது என்றும், சொந்த வாழ்வைப் பார்க்காமல் பிறரைப் பார்த்து எழுதும் கலைஞரும் குற்றவாளிகளே என்றும் வாதிட்டார். கொள்கையாலும் துயராலும் நமக்கு நெருக்கமானவர் என்பதற்காகவே அவர் படைத்ததையெல்லாம் நாமும் போற்றிவிடக் கூடாது. கூடாதென்று சொன்னவர் அவரே.

தாளை வெட்டி ஒட்டுவது பியர்டன் கண்டுபிடித்ததன்று. 1912-இல் பாரிசில் பிக்காசோ, நாற்காலிப் பிரம்புப் பின்னல் அச்சிட்ட மெழுகுத் துணியைத் தம் ஓவியத்தில் ஒட்டினார். அதே ஆண்டில் பிராக், மரத்தின் வரியைப் போல அச்சிட்ட சுவர்த் தாளை வாங்கி வெட்டிப் படத்திலே பதித்தார். ஓவியம் என்பது உயர்ந்த துணியும் உயர்ந்த வண்ணமும் கொண்டே உருவாக வேண்டும் என்ற பழைய நம்பிக்கை அன்று ஆட்டங் கண்டது. ஆனால் அவர்கள் ஒட்டிய தாளில் பெரும்பாலும் மதுக்குப்பியும் கிதாரும் பழத்தட்டுமே உருவாயின. கத்தரிக்கோலுக்கு அரசியலைக் கற்றுக் கொடுத்தது, முதல் உலகப்போரில் தோற்ற செருமனியின் பெர்லின் நகரம். அங்கே ஜான் ஹார்ட்ஃபீல்டு, ஜார்ஜ் கிராஸ், ஹான்னா ஹோக் முதலியோர் செய்தித்தாள் படங்களை வெட்டி, தளபதியின் தலையையும் முதலாளியின் தொந்தியையும் இடம் மாற்றி ஒட்டி, பார்ப்போர் நகைக்கவும் நாணவும் வைத்தனர்.

அந்தப் புரட்சிக்காரர் குழுவிலும் ஒரு குறை இருந்ததைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1920-இல் பெர்லினில் அவர்கள் பெரிய கண்காட்சி நடத்தியபோது, ஹான்னா ஹோக்கின் படைப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று கிராசும் ஹார்ட்ஃபீல்டும் எதிர்த்தனர். ரவுல் ஹௌஸ்மன் தாமும் விலகுவதாக மிரட்டிய பிறகே இடம் கிடைத்தது. அந்த அம்மையார் அங்கு வைத்த பெரிய ஒட்டோவியத்தின் பெயரிலே சமையலறைக் கத்தி ஒன்று இருக்கிறது! அடுப்படியில் கிடந்த கருவியைக் கொண்டே ஆடவர் உலகை அறுத்துக் காட்டினார். உலகைப் புரட்டக் கிளம்பியவர்களுக்கு ஒரு பெண்ணுக்கு நாற்காலி போடத் தெரியவில்லை.

அதே ஜார்ஜ் கிராஸ் நாசிகளின் கொடுமை நெருங்கியபோது அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் ஓவியம் கற்பித்தார். 1930-களில் அவரிடம் பயின்ற மாணவருள் ஒருவர் பியர்டன். ஆசிரியர் மாணவருக்கு ஒட்டக் கற்பித்தார் என்று சொல்வதற்கில்லை. கோயா, தோமியே, புரூகல் போன்றோரைப் பார்க்கச் சொன்னார். வரையும் கோட்டிலே ஒழுங்கு வேண்டும் என்றார். பல ஆண்டுகள் பியர்டன் தூரிகையோடுதான் போராடினார். கத்தரிக்கோலை உறுதியாகக் கையில் எடுத்தபோது அவருக்கு வயது ஐம்பதைக் கடந்துவிட்டது. எடுத்த காரணம்தான் நம் கட்டுரையின் நடுப்பொருள்.

1963-ஆம் ஆண்டு. வேலையும் உரிமையும் கேட்டு வாஷிங்டன் நோக்கிப் பேரணி செல்ல நாடெங்கும் கறுப்பின மக்கள் ஆயத்தமாகிக்கொண்டிருந்த வேளை. பேரணி நடந்தது ஆகஸ்டு 28-இல். அதற்குச் சில வாரங்கள் முன்பு, சூலைத் திங்களில், கறுப்பின ஓவியர் சிலர் பியர்டனின் வேலைக்கூடத்தில் கூடினர். ‘ஸ்பைரல்’ எனத் தம் குழுவுக்குப் பெயரிட்டனர். சுழன்று சுழன்று வெளிநோக்கி விரியும் வளைகோடு என்பது அதன் பொருள். “நம் மக்கள் வீதியில் நிற்கும்போது நம் தூரிகைக்கு வேலை என்ன?” என்பதே அவர்களை அரித்த கேள்வி. ஆடவர் பதினால்வரும் பெண் ஒருவரும் இருந்த குழு எனக் கூறுவர். அந்த ஒரு பெண், எம்மா ஏமோஸ். பெர்லினில் கண்ட குறையை இங்கும் கண்டோம், மேலே செல்வோம்.

அக்கூட்டத்திலே பியர்டன் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கொரு படம் எழுதி ஆளுக்கொரு கையெழுத்து இடுவதை விட்டு, எல்லோரும் சேர்ந்து ஒரே ஒட்டோவியம் செய்வோம். கொண்டுவரும் தாள் பலருடையது, வெட்டும் கை பலருடையது, படம் ஒன்று. இதற்காக ஏடுகளிலிருந்து வெட்டிய படங்களைப் பை நிறையக் கொண்டும் வந்தார். தோழர்கள் ஏற்கவில்லை! சமத்துவத்துக்காகக் கூடியவர்கள்தாம், அறிவாளிகள்தாம், எனினும் தம் தூரிகையைப் பொதுவில் வைக்க ஒருவருக்கும் மனமில்லை. அவரவர் பாணி அவரவர்க்குக் கோட்டை. பியர்டன் பையை எடுத்துக்கொண்டு தனியே அமர்ந்து ஒட்டத் தொடங்கினார்.

தோழரே, இங்கேதான் நீங்கள் சற்று நிற்க வேண்டும். சேர்ந்து செய்யும் முயற்சி தோற்றது. தோற்ற முயற்சியின் மிச்சத் தாள்களிலிருந்துதான் இருபதாம் நூற்றாண்டின் மிகச் சிறந்த ஒட்டோவியங்கள் சில பிறந்தன. இதைக் கண்டு, கலைஞன் தனியனே, கூட்டம் கலைக்கு உதவாது என்று கூறி மகிழ்வோர் உண்டு. நாம் அவ்வாறு கொள்ளவில்லை. தனியே அமர்ந்த பியர்டன் செய்தது என்ன? கூட்டத்தில் கிடைக்காத கூட்டத்தைத் தாளிலே கூட்டினார். ஒரு முகத்தின் நெற்றி ஒருவருடையது, கண் மற்றொருவருடையது, வாய் ஆப்பிரிக்க முகமூடியின் ஒளிப்படத்திலிருந்து வெட்டியது; கையோ வேறு யாரோ ஒரு தொழிலாளியினுடையது. பலர் சேர மறுத்த படத்திலே, ஒவ்வொரு முகத்திலும் பலரைச் சேர்த்தார்.

அவை சிறிய படங்கள். தட்டச்சுத் தாளினும் மிகப் பெரியவையல்ல. குழுவிலிருந்த நண்பர் ஒருவர், இவற்றை ஒளிநகல் எடுத்துப் பெரிதாக்கிப் பாரும் என்றார். பெரிதாக்கியதும், கறுப்பும் வெள்ளையுமாய், திரைப்படச் செய்திச்சுருளில் ஒரு கணம் நின்றுவிட்ட காட்சிபோல் ஆயின. 1964 அக்டோபரில் ‘ப்ரொஜெக்ஷன்ஸ்’ என்ற பெயரில் கண்காட்சி நடந்தது. ஒட்டிய மூலத்தினும் நகலுக்கு வலிமை மிகுந்தது என்பதைக் கவனியுங்கள். ஓவியத்தின் மதிப்பு, ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்பதில் அடங்கியிருக்கிறது என்று வணிகர் கூறுவர். இந்தப் படங்களோ, அச்சிட்ட ஏட்டிலிருந்து பிறந்து, மீண்டும் நகலாகிப் பிறர் கண்ணை அடைந்தன. மக்களிடமிருந்து வந்த தாள், மக்களிடம் திரும்பும் பாதையை அந்த நகல் காட்டிற்று. அப்பாதையில் பியர்டன் கடைசிவரை நடந்தாரா என்பதில்தான் நமக்கு ஐயம். அதைப் பின்னர்க் கூறுவோம்.

விளையாட்டு என்று சொன்னதற்கு விடையாக, செய்முறையைச் சிறிது சொல்லியாக வேண்டும். பியர்டன் கண்டபடி ஒட்டியவரல்லர். 1969-இல் தம் முறையைத் தாமே விளக்கி எழுதியிருக்கிறார். முதலில் நீள்சதுர வண்ணத் தாள்கள் சிலவற்றை அட்டைமேல் வைப்பார். அவற்றுட் சில, படத்தின் மொத்த நீள அகலத்தின் அதே விகிதத்தில் இருக்கும். படுக்கையாகவும் நேராகவும் ஓடும் அந்தக் கட்டங்களே படத்துக்கு எலும்புக்கூடு. அதன்பின்தான் முகமும் கையும் கூரையும் வரும். டச்சு ஓவியர் வெர்மீர், பீட்டர் டி ஹோக் ஆகியோரின் அறைகளையும் சன்னல்களையும் பல காலம் அளந்து பார்த்துப் பெற்ற பாடம் இது. சீன எழுத்தோவியம் பயின்று, வெற்றிடத்தை எப்படி விடுவது என்றும் கற்றார். ஒட்டுவதற்குரிய பலகையாக மரக்கூழை அழுத்திச் செய்த பலகையைக் கொண்டார். தாளில் ஈரப்பசை பட்டால் சுருங்கும், பலகையை வளைக்கும். அதைத் தடுக்கவும் தனி உழைப்பு வேண்டும். சிறுபிள்ளை விளையாட்டுத்தான், ஐம்பது வயது வரை பயின்ற விளையாட்டு!

வகுப்பிலே இப்படங்களை நாம் காட்டியதுண்டு. “ஐயா, இந்த ஆளுக்குக் கை ஏன் இவ்வளவு பெரிது?” என்று கேட்டாள் ஒரு மாணவி. நாம் விடை சொல்லு முன்பே அடுத்த இருக்கைப் பையன் சொன்னான்: “வேலை செய்கிற கை, அதனால்தான்.” 1964-ஆம் ஆண்டுப் படங்களில் ‘பருத்தி’ என்றொன்று உண்டு என்பதை அவன் அறியான். உடலுக்குப் பொருந்தாத அளவிலே ஒட்டிய கையை, தேர்ந்த விமரிசகர் சிலர் கியூபிசத்தின் செல்வாக்கு என்பர், அதுவும் உண்மையே. ஆனால் பையன் சொன்னதும் உண்மை. அது முந்திக்கொண்டு வந்தது.

இனித் ‘தி பிளாக்’ படத்துக்கு வருவோம். எழுத்தாளர் ஆல்பர்ட் மரி பியர்டனின் நண்பர். அவர் குடியிருந்த அடுக்கு வீட்டின் மேல்மாடியிலிருந்து பார்த்து வரைந்த தெரு இது. முடிதிருத்தகம் இருக்கிறது, மளிகைக் கடை இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, படிக்கட்டிலே அமர்ந்து பொழுது போக்குவோர், விளையாடும் சிறுவர், போக்கிடம் இல்லாதவர் எல்லோரும் இருக்கின்றனர். சில இடங்களில் சுவரையே நீக்கிவிட்டு உள்ளே காட்டுகிறார். உண்பாரும் உறங்குவாரும் காதலிப்பாரும் தெரிகின்றனர். முதன்முதல் காட்சிக்கு வைத்தபோது, தெருவின் ஓசையும் கோயிற் பாட்டும் ஒலிநாடாவிலிருந்து உடன் ஒலித்தன.

1965-இல் அமெரிக்க அரசின் தொழிலாளர் துறையிலிருந்து மொய்னிஹன் என்பார் எழுதிய அறிக்கை வெளிவந்து, கறுப்பினக் குடும்பம் என்பதே நோயின் சிக்கல் எனும்படி பேசிற்று. அதன் பிறகு செய்தியாளர் பலருக்கு ஹார்லெம் என்றால் உடைந்த சன்னல், எலி, போதை, கண்ணீர். அந்தத் துன்பங்களை மறைத்தவரல்லர் பியர்டன். நலத்துறை அலுவலருக்குத் தெரியாத துன்பமா? ஆனால் துன்பத்தை மட்டும் பார்ப்பவன், துன்பப்படுபவனை மனிதனாகப் பார்ப்பதை விட்டுவிடுகிறான். முடிதிருத்தகத்திலே அமர்ந்து கதை பேசுகிறவனுக்கு இரக்கம் தேவையில்லை. வாடகைக் குறைப்பும் வேலையும் வாக்கும் தேவை. அவனை அவன் தெருவிலே, அவன் நாற்காலியிலே நிமிர்ந்திருக்கக் காட்டியதுதான் இப்படத்தின் அரசியல். புரூகல் தம் காலத்து உழவரைக் காட்டியது போல் தம் மக்களைக் காட்ட விரும்புவதாகப் பியர்டன் கூறியது இதைத்தான்.

சரி, மந்திரக்காரி? தோழரின் வாதத்தில் ஞாயம் இருந்தது என்றோமே, அது இங்குதான். ‘சடங்கின் நிலைபேறு’ என்ற பொருள்படும் தலைப்பிலே பல படங்கள் செய்தார் பியர்டன். ஆற்றில் ஞானமுழுக்குப் பெறுவோரைக் காட்டினார். தென்பகுதிச் சிற்றூர்களில் பச்சிலையும் மந்திரமும் அறிந்தவளென்று மக்கள் அஞ்சி நாடிய கிழவியை மீண்டும் மீண்டும் ஒட்டினார். பகுத்தறிவாளர் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

1964-ஆம் ஆண்டு மந்திரக்காரியை உற்று நோக்குங்கள். அவளைச் சுற்றி இலையும் தழையும். துண்டு துண்டாய் ஒட்டிய முகம். நம்மை விடாத பார்வை. அவள் தெய்வமாகத் தெரியவில்லை, அச்சமாகத் தெரிகிறாள். மக்கள் ஏன் அவளிடம் போயினர்? நோய் கண்ட கறுப்பருக்கு அருகிலிருந்த மருத்துவமனை கதவடைத்தது. அல்லது கீழ்த்தளத்து மூலையிலே படுக்கை போட்டது. 1966-இல் முதியோர் மருத்துவத் திட்டத்தின் பணத்தைக் காட்டி அரசு நெருக்கிய பிறகே தென்பகுதி மருத்துவமனைகள் பல தம் நிறவேலியை அகற்றின. மருத்துவர் வராத ஊரிலே மந்திரக்காரி வாழ்வாள். மூடநம்பிக்கை மனத்தில் மட்டும் முளைப்பதன்று, அடைத்த கதவின் முன்பும் முளைக்கிறது என்று அப்படம் நமக்குச் சொல்கிறது. பியர்டன் இப்படி எண்ணி ஒட்டினார் என்று நாம் சாதிக்கவில்லை. படத்திலே இதைப் படிக்க இடமிருக்கிறது என்கிறோம்.

ஆனால் பிற்காலத்தில்? 1980-களில் கரீபியத் தீவுகளின் மாந்திரீகச் சடங்குகளை நீர்வண்ணத்தில் தீட்டினார். கண்ணைப் பறிக்கும் நிறங்கள், அழகுக்குக் குறைவில்லை. முன்னைய படத்தில் இருந்த அச்சத்தின் முள் மட்டும் காணவில்லை. சடங்கு வெறும் அலங்காரமாகிவிட்டது. வாங்கி மாட்டுபவர் வரவேற்பறைக்கு ஏற்ற மந்திரக்காரி! இங்கே தோழரோடு சேர்ந்து நாமும் தலையை ஆட்டுகிறோம், வேண்டாம் என்று.

இன்னொரு குறையும் உண்டு. 1970-இல் ‘ஒட்டுப் போர்வை’ என்ற பெயரில் ஒன்று செய்தார். நியூயார்க் நவீனக் கலைக்கூடத்தில் உள்ளது. ஆடையற்ற பெண்ணொருத்தி, எகிப்தியச் சிற்பத்தை நினைவூட்டும் தோற்றத்தில் சாய்ந்திருக்கிறாள். கீழே பல நிறத் துணித் துண்டுகள் இணைந்த போர்வை. கண்ணுக்கு விருந்து. ஆனால் அந்தப் போர்வையைத் தைத்தவள் எங்கே? தென்பகுதிக் கறுப்பினப் பெண்கள், கிழிந்த வேலையுடையையும் மாவுச் சாக்கையும் வெட்டி, குளிர் தாங்கப் போர்வை தைத்தவர்கள். பாரிசில் எவரும் தாள் ஒட்டு முன்பே, துண்டைத் துண்டோடு சேர்த்து அழகு காணும் கலையைக் கைவரப் பெற்றவர்கள் அவர்கள். அவர்களுடைய கலை இப்படத்தில் படுக்கையாகிவிட்டது. அவர்களோ ஊசியும் விரலுமாக இதில் இல்லை. கையைப் பெரிதாக ஒட்டத் தெரிந்தவர், இந்தக் கையை ஒட்ட மறந்தார்.

அலபாமா மாநிலத்தில் வில்காக்ஸ் என்றொரு மாவட்டம். அங்கே ஆற்று வளைவுக்குள் அடங்கிய ஊர் ஜீஸ் பெண்டு. ஆற்றைக் கடந்தால் மாவட்டத் தலைநகர் காம்டன். வாக்காளராய்ப் பதிய வேண்டுமானால் அங்குதான் போக வேண்டும். கறுப்பின மக்கள் பதியக் கிளம்பிய காலத்தில், 1962-இல், ஆற்றைக் கடக்கும் படகுப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. மீண்டும் படகு ஓடியது 2006-இல்! நாற்பத்து நான்கு ஆண்டுகள் கரையைச் சுற்றிக்கொண்டு போயினர். அந்த மாவட்டத்துப் பெண்கள் 1966-இல் கூடி, ‘விடுதலைப் போர்வைக் கூட்டுறவு’ என்று பொருள்படும் பெயரில் சங்கம் அமைத்தனர். தைத்ததை நகரக் கடைகளுக்கு விற்றனர், வந்ததைப் பங்கிட்டனர். பலர் துண்டு, பலர் கை, ஒரு போர்வை! 1963-இல் பியர்டன் கேட்டது இதைத்தானே? நியூயார்க்கின் கற்ற ஓவியர்கள் மறுத்ததை, மூன்றாண்டு கழித்து, பருத்திக் காட்டுப் பெண்கள் எவரையும் கேளாமல் செய்துவிட்டனர். ஒட்டுக்கலையைச் சமூகத்தோடு பகிர்வது பற்றிப் பேசுவோர் இவ்விரு காட்சிகளையும் அருகருகே ஒட்டிப் பார்க்கட்டும்.

இனி நாம் ஒத்திவைத்த ஐயம். மக்களிடமிருந்து எடுத்த தாள் மக்களிடம் திரும்பியதா?

1969 சனவரியில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடம் ஹார்லெமைப் பற்றிப் பெருங்கண்காட்சி நடத்திற்று. சுவரெங்கும் ஹார்லெம் மக்களின் ஒளிப்படங்கள். ஆனால் ஹார்லெம் ஓவியர் எழுதிய ஓவியம் ஒன்றுகூட வைக்கப்படவில்லை! அந்த மக்கள் பார்க்கப்படும் பொருளாகலாம், பார்த்துப் படைப்பவர் ஆகலாகாது போலும். கறுப்பினக் கலைஞர்கள் பதாகை ஏந்திக் கலைக்கூட வாயிலில் மறியல் செய்தனர். ஒன்பதாண்டு கழித்து, 1978-இல், செல்வத் தம்பதியர் ஒருவரின் நன்கொடையாகத் ‘தி பிளாக்’ அதே கலைக்கூடத்துக்குள் நுழைந்தது. வெற்றிதான்; மறுக்கவில்லை. எனினும், லெனாக்ஸ் அவென்யூப் படிக்கட்டில் அமர்ந்திருந்தவர், தம் வீட்டு வரிசையைப் பார்க்க ஐம்பது தெருக்கள் தாண்டிச் செல்ல வேண்டும். சென்றாலும், ஒளி பட்டால் மங்கும் தாளாதலால் அத்தகைய படம் எந்நாளும் சுவரில் இருப்பதில்லை. தாள் எளியது, மலிவானது, எவர் கைக்கும் எட்டுவது என்று போற்றினோம். புகழ் சேர்ந்ததும், அதே தாள் வெண்கலச் சிலையினும் பத்திரமாகப் பூட்டி வைக்கும் பொருளாகிவிட்டது.

இந்த முரணைப் பியர்டன் உணராதவரல்லர். 1969-இல் நார்மன் லூயிஸ், எர்னஸ்ட் கிரிச்லோ எனும் ஓவியரோடு சேர்ந்து இளங்கலைஞருக்கென ‘சின்கே’ காட்சிக்கூடத்தைத் தொடங்கினார். 1839-இல் அமிஸ்டாட் கப்பலில் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கியவரின் பெயர் அது. கறுப்பினக் கலைஞரின் வரலாற்றைப் பல ஆண்டுகள் தேடித் தொகுத்து, ஹாரி ஹெண்டர்சனோடு சேர்ந்து எழுதினார். 1988-இல் பியர்டன் மறைந்தார். நூல் 1993-இல் வெளிவந்தது. பிட்ஸ்பர்க் நகரின் நிலத்தடி இரயில் நிலையத்துக்கு 1984-இல் ஓடுகளாலான சுவரோவியம் அமைத்துக் கொடுத்தார். எஃகாலை நகரத்து மக்கள் வேலைக்குப் போகையிலும் வருகையிலும் சீட்டின்றிக் காணத்தக்க படம். 2008-இல் நிலையத்தை மாற்றக் கருதியபோது மதிப்பிட்டுப் பார்த்தனர். ஒன்றரைக் கோடி டாலர் என்றது கணக்கு. அதிகாரிகள் திகைத்தனராம்! கழற்றி, புதிய நிலையத்திலே மீண்டும் பதித்தனர். பூட்டிய அறைக்குள் போகாமல் பயணிகளிடையே இருப்பதால் அந்தச் சுவரே நமக்குத் ‘தி பிளாக்’ படத்தினும் பிடித்திருக்கிறது. கலைநயத்தில் அது இதற்கு ஈடாகாது என்பதை அறிந்தே சொல்கிறோம்.

படம் திரும்பிய இன்னொரு வழியும் உண்டு. பிட்ஸ்பர்க்கின் கறுப்பின மக்கள் வாழ்ந்த குன்றுப் பகுதியில் பிறந்த இளைஞர் ஒருவர், 1977-இல் பியர்டனின் படங்கள் அடங்கிய நூலொன்றைப் புரட்டினார். கலைக்கூடத்துக்குப் போகவில்லை; அச்சிட்ட தாளிலே பார்த்தார். தாம் அறிந்த மக்கள், தாம் அறிந்த வீடு, பெரிய அளவில், தலைநிமிர்ந்து! அவர் பெயர் ஆகஸ்ட் வில்சன். பியர்டன் ஒட்டிய விடுதிக் காட்சியொன்று அவருடைய ஒரு நாடகத்துக்கு விதையாயிற்று. பியானோ முன் சிறுமி அமர்ந்திருக்கும் படம், 1990-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகத்துக்குப் பெயரையே தந்தது. அந்த நாடகாசிரியர் ஒருநாள் நியூயார்க்கின் கெனால் தெருவில், பியர்டன் இருந்த கட்டடத்தின் வாயிலில் நெடுநேரம் நின்றார். கதவைத் தட்டத் துணிவு வரவில்லை; திரும்பிச் சென்றுவிட்டார். இருவரும் சந்திக்கவே இல்லை.